இலைக் குழுவுக்கு எந்தச் செயலி: இலவசமா, காசு கொடுப்பதா?

கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்று இருந்தால் அதற்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கும், செயலாளர் பெயரில் ஒரு ஜிமெயில் இருக்கும், யாராவது ஒருவருடைய போனில் எல்லோருடைய ஆதார் நகலும் பாஸ்புக் முதல் பக்கமும் படமாகக் கிடக்கும். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. காசில்லாமல் கிடைத்தது, எல்லோர் போனிலும் இருந்தது, அப்படியே பழகிவிட்டது.

எங்கள் குழுவில் இப்போது பேசியே ஆக வேண்டும். செயலாளர் பிள்ளைகளோடு கோவைக்குக் குடிபோகிறார். குரூப், மெயில், படங்கள் எல்லாம் கைமாற வேண்டும். எப்படியும் மாற்றப்போகிறோம், வேறு நல்ல செயலிக்கே போய்விடலாமே என்கிறார்கள் இளைஞர்கள். "சும்மா கிடைக்கிறத விட்டுட்டுக் காசு எதுக்குங்க?" என்கிறார்கள் பெரியவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. மற்ற குழுக்களுக்கும் பயன்படலாம் என்று இங்கே பொதுவில் வைக்கிறேன்.

செயலிகளை வரிசையாக நிற்கவைத்து மார்க் போடப் போவதில்லை. அப்படிப் போட்ட பட்டியல்கள் நிறைய இருக்கின்றன; அவற்றை வைத்து ஒரு குழு முடிவெடுக்க முடியாது. எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே கேள்வி: போகிற தகவல் யாருடையது? என் தோட்டத்துப் படத்தை எவனோ ஒரு விளம்பரக் கம்பெனி பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நான் சொல்லலாம். பக்கத்துத் தோட்டத்து அக்காவின் ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே சொல்ல எனக்கு உரிமை இல்லை. கீழே நான் சொல்வதெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

எதை எதிர்பார்க்கிறோம்

இலவசச் சேவையிடம் என்ன வேண்டும் என்று கேட்டால், "நம்ம மெசேஜை யாரும் படிக்கக் கூடாது" என்பதுதான் முதலில் வருகிறது. இன்னும் கொஞ்சம் பேசவிட்டால் மற்றவையும் வரும். எப்போதும் இலவசமாகவே இருக்க வேண்டும். போட்டது போட்டபடி இருக்க வேண்டும். போன் தண்ணீரில் விழுந்தாலும் எல்லாம் திரும்பி வர வேண்டும். சிக்கல் வந்தால் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

இவற்றில் முதல் எதிர்பார்ப்பு, நாம் பயப்படும் அளவுக்கு மோசமாக இல்லை. ஜிமெயில் 2004-ல் வந்தபோது மெயிலின் வாசகத்தை இயந்திரம் அலசி அதற்கேற்ற விளம்பரம் காட்டியது. அந்த வழக்கத்தை நிறுத்துவதாக 2017-ல் கூகுள் அறிவித்தது. வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலிலிருந்து முழு மறையாக்கம் இருக்கிறது. அனுப்பியவர் போனுக்கும் வாங்கியவர் போனுக்கும் நடுவில், கம்பெனி உட்பட, யாராலும் வாசகத்தைப் படிக்க முடியாது.

மற்ற எதிர்பார்ப்புகள்தான் அடிக்கடி காலை வாரிவிடுகின்றன. 2015-ல் அளவில்லாமல் இலவசம் என்று தொடங்கிய கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்களை, கூகுள் ஒரு கணக்குக்கு இலவசமாகத் தரும் மொத்த இடமான 15 ஜிபி கணக்கில் சேர்த்துவிட்டது. கூகுளின் சமூக வலைத்தளமான ஆர்குட் 2014-ல் மூடப்பட்டது. ஒரு காலத்தில் தமிழர்கள் இலக்கியம் முதல் வேலைவாய்ப்பு வரை பேசித் தீர்த்த யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரோடு போயின. இரண்டு வருடம் தொடாமல் விட்ட கூகுள் கணக்கை அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கேட்க ஓர் ஆள் என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேங்கில் சிக்கல் என்றால் கோத்தகிரி கிளைக்குப் போய் மேனேஜர் முன்னால் நிற்கலாம். இலவச மெயில் கணக்குப் பூட்டிக்கொண்டால் எந்தக் கதவைப் போய்த் தட்டுவது?

ஆள் இல்லாததற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. 2023-ன் கடைசி மூன்று மாதத்தில் பேஸ்புக் அமெரிக்கா, கனடாவில் ஒரு பயனாளருக்குச் சராசரியாகச் சம்பாதித்தது சுமார் 68 டாலர். நம்மையும் சேர்த்த ஆசிய-பசிபிக் பகுதியில் சுமார் ஐந்தரை டாலர். இந்த வருமானம் ஏறத்தாழ முழுவதும் விளம்பரத்திலிருந்து வருவது. நம்மை வைத்து இவ்வளவுதான் கிடைக்கும்போது நமக்காக ஒரு கவுன்ட்டர் திறந்து ஆள் உட்காரவைப்பார்கள் என்று நினைப்பது நம் ஆசை. விளம்பரமே வேண்டாம், காசு கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லும் வழியை அதே கம்பெனி 2023 நவம்பரில் ஐரோப்பாவில் திறந்தது: பேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு இணையத்தில் மாதம் 9.99 யூரோ. பிறகு விலையைக் குறைத்தார்கள். அங்கே சட்டம் நெருக்கியதால் திறந்த வழி அது.

வாட்ஸ்அப்: போக முடியாது, அப்படியே விடவும் முடியாது

எங்கள் குழுவில் பாதிப்பேர் படுகர்கள், மீதிப்பேர் தமிழர்கள். அதில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும் உண்டு. வீட்டில் படுகு பேசும் பெரியவர்கள் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள், பட்டனை அழுத்திப் பேசி அனுப்பிவிடுவார்கள். வாய்ஸ் மெசேஜ் அவர்களுக்கு வாட்ஸ்அப்பில்தான் பழக்கம். பள்ளத்தில் இருக்கும் ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், டவர் சிக்னல் வருவதே பெரிய பாடு. இரண்டு புள்ளி வரும்போது அனுப்பி வைத்தால் மெதுவாகப் போய்ச் சேரும். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலை, குன்னூர் ஏலத்தில் அந்த வாரம் என்ன போச்சு, இலை லாரி எத்தனை மணிக்கு வரும் என்பதெல்லாம் இதில்தான் ஓடுகிறது. வேறு செயலி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஐம்பது அறுபது பேரை அங்கே கூட்டிப் போவது நடக்காத காரியம்.

ஆனால் எதைக் கொடுத்து இதை வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய இன்லேண்ட் லெட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எழுதியது தபால்காரருக்குத் தெரியாது. யார் யாருக்கு, எந்த ஊரிலிருந்து, எத்தனை நாளுக்கு ஒரு முறை எழுதுகிறார் என்பது தெரியும். வாட்ஸ்அப்பும் அந்த வகைதான். நம் நம்பர், முகப்புப் படம், குரூப்பின் பெயர், எந்தப் போன், எந்த இணைய முகவரி (ஐபி எண்), எவ்வளவு நேரம் உள்ளே இருந்தோம் என்பதெல்லாம் மறையாக்கத்துக்கு வெளியே இருப்பவை.

தொடக்கத்தில் வருடத்துக்கு ஒரு டாலர் கட்டணம் வைத்திருந்த செயலி இது. பேஸ்புக் 2014-ல் சுமார் 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. 2016 ஜனவரியில் அந்த ஒரு டாலரும் போனது. அதே வருடம் ஆகஸ்டில், பயனாளர் தகவலைப் பேஸ்புக்கோடு பகிர்வோம் என்று விதி மாறியது. 2021 ஜனவரியில் 'ஒப்புக்கொள், இல்லாவிட்டால் கிளம்பு' என்ற தொனியில் இன்னொரு அறிவிப்பு வந்ததும் நாடே கொதித்தது. அந்த விவகாரத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு (பேஸ்புக் கம்பெனியின் இப்போதைய பெயர்) 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2025 ஜூனில் ஸ்டேட்டஸ் பக்கத்தில் விளம்பரம் வரும் என்றும் அறிவித்துவிட்டார்கள். வருடத்துக்கு ஒரு டாலரே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டால் யார் கட்டியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

கம்பெனி பார்ப்பதைவிட எங்கள் குழுவுக்குக் கிட்டத்துத் தொல்லை ஒன்று உண்டு. குரூப்பில் சேர்ந்த உடனே ஒவ்வொருவர் நம்பரும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. தோட்டமும் பட்டாவும் தன் பெயரில் இருந்தும் பல பெண்கள் குரூப்பில் வீட்டுக்காரர் நம்பரைக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். "தெரியாத ஆள் ராத்திரி ஹலோ அனுப்புறாங்க, நமக்கு எதுக்கு வம்பு" என்று ஓர் அக்கா சொன்னார். தனியுரிமை என்றதும் நாம் கலிபோர்னியாவில் இருக்கும் கம்பெனிகளைப் பார்க்கிறோம். அந்த அக்காவுக்குப் பிரச்சினை இரண்டு வளைவு தாண்டிய ஊரிலிருந்து வருகிறது.

இதற்கு வாட்ஸ்அப்பை விட்டு ஓட வேண்டியதில்லை. கம்யூனிட்டி என்ற வசதியில் இருக்கும் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்கள் ஒருவர் நம்பரை ஒருவர் பார்க்க முடியாது. நிர்வாகிகளுக்கு மட்டும் தெரியும். விலை, லாரி நேரம், கூட்டத் தேதி ஆகியவை அதில் போகலாம். இன்னொரு வழி சேனல். அதில் முழு மறையாக்கம் கிடையாது, வெளியாட்களும் பார்க்கலாம். பச்சைத் தேயிலை விலை ஊரறிந்த விஷயம், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பின்தொடர்பவர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது என்பதே எங்களுக்குப் போதும்.

அப்புறம் பேக்கப். மெசேஜ் போகும் வழியில் பூட்டு இருக்கிறது. கூகுள் கணக்கில் பேக்கப் ஆகும்போது, நாமாகப் போய் மறையாக்கத்தை இயக்கினால்தான் அங்கே பூட்டு. அந்த வசதி 2021-லிருந்து இருக்கிறது, ஆனால் தானாக இயங்காது. அதோடு ஆண்ட்ராய்டு போன்களில் இந்த பேக்கப் இப்போது 15 ஜிபிக்குள் சேர்கிறது. தினமும் வரும் குட்மார்னிங் பூக்களும் கோயில் வீடியோக்களும் அந்த இடத்தை நிரப்பிவிட்டால் ஜிமெயிலில் புது மெயில் வருவதும் போவதும் நின்றுவிடும். மானியக் கடிதம் வரவில்லையே என்று காத்திருக்கும் குழு, முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மற்ற மூன்று

டெலிகிராமைத்தான் இளைஞர்கள் முதலில் சொன்னார்கள். பெரிய கோப்புகள் போகும், புதிதாகச் சேர்ந்தவர் பழைய செய்திகளைப் படிக்கலாம், நம்பரை மறைக்கலாம். வசதியில் குறையே இல்லை. ஆனால் அது வாட்ஸ்அப்பைவிட ரகசியமானது என்று பரவலாக நம்பப்படுவது சரியில்லை. இருவருக்குள் 'ரகசிய உரையாடல்' என்று தனியாகத் தொடங்கினால்தான் முழு மறையாக்கம். குரூப்புக்கு அது கிடையவே கிடையாது. குரூப்பில் எழுதுவது கம்பெனியின் சர்வரில், அவர்கள் திறக்க முடிகிற விதத்தில் இருக்கிறது. நிறுவனர் பாவெல் துரோவ் 2024 ஆகஸ்டில் பிரான்சில் கைதானார். அடுத்த மாதமே, சட்டப்படி கேட்டால் போன் நம்பரும் இணைய முகவரியும் தருவோம் என்று விதியை மாற்றினார்கள். எங்கள் தேவைக்கு இது வேண்டாம்.

'அரட்டை' செயலி மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஸோஹோவின் செயலி, தமிழ்ப் பெயர், நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதியது. 2021-லேயே வந்திருந்தும் 2025 செப்டம்பரில்தான் நாடு முழுவதும் திடீரென்று ஏற்றத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் போன், வீடியோ அழைப்புக்கு முழு மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திக்கு இல்லை. அதைப் பிறகுதான் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஸோஹோ கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்றுப் பிழைப்பது, விளம்பரம் விற்பதில்லை. அதனால் நம் தகவலை நோண்ட வேண்டிய அவசியம் குறைவு என்பது உண்மையான சாதகம். ஆனால் அன்று ஏற்றியவர்களில் எத்தனை பேர் இன்னும் திறந்து பார்க்கிறார்கள் என்று எங்கள் ஊரில் விசாரித்தால் சிரிக்கிறார்கள். ஆள் இல்லாத இடத்தில் விலைப் பட்டியலைப் போட்டு என்ன செய்ய?

தனியுரிமையை மட்டும் பார்த்தால் 'சிக்னல்' என்ற செயலிதான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வாட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன் பேஸ்புக்கை விட்டு வெளியே வந்து, 2018-ல் 5 கோடி டாலர் கொடுத்து உருவாக்கிய லாபநோக்கமற்ற அறக்கட்டளை அதை நடத்துகிறது. அமெரிக்க நீதிமன்ற விசாரணைகளுக்காக ஒருவருடைய விவரம் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய தேதியையும் கடைசியாகத் தொடர்புகொண்ட தேதியையும் தவிரக் கொடுக்க அவர்களிடம் வேறு எதுவும் இல்லை. சேர்த்து வைத்தால்தானே கொடுப்பதற்கு?

ஆனால் சிக்னலும் சும்மா ஓடவில்லை. 2023 நவம்பரில் அவர்களே செலவுக் கணக்கை வெளியிட்டார்கள்: 2025 வாக்கில் வருடத்துக்குச் சுமார் 5 கோடி டாலர் ஆகும் என்று. நாம் சேரும்போது வரும் ஓடிபி எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் வருடத்துக்கு 60 லட்சம் டாலர். நன்கொடையில் ஓடுகிறது. 2025-ல் பேக்கப் வசதி கொண்டுவந்தபோது, எழுத்துச் செய்திக்கும் கடைசி 45 நாள் படங்களுக்கும் இலவசம், அதற்கு மேல் வேண்டுமானால் மாதம் 1.99 டாலர் என்று முதன்முறையாக ஒரு விலை வைத்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இடத்துக்குக் காசு ஆகிறது என்பதை நேராகச் சொல்லிவிட்டார்களே.

ஊரையே சிக்னலுக்கு மாற்ற முடியாது. ஆனால் தலைவர், செயலாளர், பொருளாளர், இன்னும் இரண்டு பேர் மட்டும் மாறலாம். பேங்க் விவரம், யாருக்கு எவ்வளவு பாக்கி, யார் கடன் கேட்டிருக்கிறார் என்ற பேச்செல்லாம் அங்கே நடக்கட்டும். இந்தப் பேச்சு ஸ்கிரீன்ஷாட் ஆகி ஊருக்குள் சுற்றினால் ஒரு குடும்பத்தின் மானம் போகும். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைச் சிக்னலாலும் முழுதாகத் தடுக்க முடியாது என்பது வேறு. ஐந்து பேர் மட்டும் இருக்கும் இடத்தில் யார் எடுத்தார்கள் என்றாவது தெரியும்.

மெயில்

இங்கே தனியுரிமையைவிட உரிமை யாருக்கு என்பது பெரிய கேள்வி. பக்கத்து ஊர்க் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். மெயில் கணக்குச் செயலாளரின் சொந்த நம்பரில் இருந்தது. அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனார், சிம்மை மாற்றினார், பாஸ்வேர்ட் மறந்தது. மீட்கப் போனால் ஓடிபி பழைய நம்பருக்கே போகிறது. வருடக்கணக்கான கடிதங்கள், பேக்டரி ரசீதுகள் எல்லாம் உள்ளே. கதவு திறக்கவே இல்லை.

அதனால் எதை எடுத்தாலும் கணக்குக் குழுவின் பெயரில், குழுவின் சிம்மில் இருக்க வேண்டும். அப்புறம்தான் இலவசமா கட்டணமா என்பது. இலவச ஜிமெயிலே தொடரலாம். 130 ரூபாய் மாதத்துக்கு, அல்லது 1,300 ரூபாய் வருடத்துக்குக் கட்டி 100 ஜிபி வாங்கலாம். அல்லது குழுவுக்கென ஒரு டொமைன் பெயர் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் சொந்தப் பெயர்) பதிந்து ஸோஹோ மெயில் வைக்கலாம். சிறு குழுக்களுக்கு அவர்களிடம் இலவசத் திட்டமும் உண்டு. சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயிலும் இருக்கிறது. காசு கட்டுகிறவர்களை வைத்து இலவசக் கணக்குகளையும் நடத்துவது அவர்கள் வழி. 2021-ல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு ஒரு பிரெஞ்சு ஆர்வலரின் இணைய முகவரியைப் பதிந்து கொடுக்க வேண்டி வந்தது. சட்டத்துக்கு வெளியே எந்த மெயிலும் இல்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். கூகுளுக்கு 1,300 ரூபாய் கட்டினால் நமக்குக் கிடைப்பது இடம். தனியுரிமை விதி இலவசக் கணக்குக்கு என்னவோ அதேதான். காசு கட்டிவிட்டோம், இனி யாரும் நம்மைக் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தால் ஏமாற்றம். எதற்காகக் காசு கட்டுகிறோம் என்று பார்த்துக் கட்ட வேண்டும். எங்கள் குழுவுக்கு மெயிலில் வருவது பெரும்பாலும் அரசாங்கக் கடிதம், பேக்டரி கணக்கு. அதைக் கூகுள் வைத்திருப்பதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. இடம் நிரம்பி மெயில் நின்றுபோவதுதான் கவலை, அதற்கு 1,300 ரூபாய் தகும். டொமைன் நல்ல யோசனைதான், ஆனால் வருடாவருடம் புதுப்பிக்க யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். எங்கள் கூட்டக் குறிப்பேட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கை வராது.

ஆதார் நகல்கள்

மற்றதில் எல்லாம் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன். மானிய விண்ணப்பம், பேங்க் கணக்கு, தேயிலை வாரியப் பதிவு என்று ஏதாவது ஒன்றுக்காகச் செயலாளர் கேட்கிறார். எல்லோரும் படம் எடுத்துக் குரூப்பிலேயே போட்டுவிடுகிறார்கள்! தனியாக அனுப்புகிறவர்கள் சிலர்தான். வேலை முடிந்த பிறகு யாரும் அழிப்பதில்லை.

அந்தப் படம் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். குரூப்பில் இருக்கும் ஒவ்வொருவர் போன் கேலரியிலும் தானாகச் சேமிக்கப்படுகிறது. கூகுள் போட்டோஸில் வாட்ஸ்அப் படங்களுக்கும் பேக்கப் போட்டிருந்தால் அங்கே ஒரு நகல். வாட்ஸ்அப் பேக்கப்பில் இன்னொன்று. அதே கணக்கு பையனின் டேப்லெட்டில் திறந்திருந்தால் அங்கேயும் தெரியும். டிஸ்பிளே உடைந்து டவுனில் பழுதுபார்க்கக் கொடுத்தால், லாக் நம்பரையும் சேர்த்தே சொல்லிவிட்டு வருகிறோம். இதில் எந்தக் கம்பெனியும் எதையும் திருடவில்லை. எல்லாம் நாமே விரும்பிக் கேட்ட வசதிகள்.

ஆதாரும் பாஸ்புக்கும் கையெழுத்தும் ஒன்றாகக் கிடைத்தால் அவர் பெயரில் சிம் வாங்கலாம், கடன் செயலியில் விண்ணப்பிக்கலாம், பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று விவரத்தோடு போன் செய்து நம்பவைக்கலாம். இலைப் பணம் மாதத்துக்கு ஒரு முறை வரும் கணக்கு அது. அதில் கை வைத்தால் ஒரு வீட்டின் மாதமே போச்சு.

மாற்று என்ன? முதல் வழி, கேட்காமலே இருப்பது. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கலாம். நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள், மறைத்ததைக் கொடுங்கள் என்று 2022 மே மாதம் ஒரு செய்திக்குறிப்பு வந்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் வாபஸ் வாங்கினார்கள். வாபஸ் ஆனாலும் ஆலோசனை நல்ல ஆலோசனைதான். முழு எண் தேவைப்படும் இடத்தில், உறுப்பினரே தன் போனில் டிஜிலாக்கரைத் திறந்து அதிகாரியிடம் காட்டலாம். அதுவும் இலவசச் சேவைதான், அரசாங்கம் 2015-லிருந்து நடத்துவது. நகல் நம் கையில் தங்காது என்பது அதன் அழகு. கட்டாயம் படமாக வேண்டுமென்றால் ஒரு முறை மட்டும் திறக்கும்படி அனுப்பலாம். பெறுபவர் கேலரியில் அது சேராது.

பேப்பர் நகலைக் கேலி செய்ய மாட்டேன். ஜூன், ஜூலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பீரோவில் அந்துருண்டை போட வேண்டும், ஐப்பசி மழையில் மண் சரிந்தால் பீரோவே போனாலும் போகும். ஆனால் பேப்பரைத் திருட ஒருவர் நேரில் வர வேண்டும். ஒரே அழுத்தில் ஐம்பது பேர் விவரமும் வெளியேறாது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தது, ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். சொந்த உபயோகத்துக்கோ வீட்டு உபயோகத்துக்கோ வைத்திருக்கும் தகவலுக்கு அதில் விலக்கு உண்டு. ஐம்பது பேர் ஆதாரைச் செயலாளர் போனில் வைத்திருப்பதை வீட்டு உபயோகம் என்று சொல்லித் தப்ப முடியுமா? எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

ஹோம்ஸ்டே வைத்திருக்கும் நண்பர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகின்றன. நீலகிரியில் பதிந்த டிஎன் 43 வண்டிக்கு விலக்கு இருப்பதால் நமக்கு அந்தப் படிவத்தின் அருமை தெரியாது. பெயர், வண்டி எண், எங்கே தங்குகிறோம் என்று எல்லாம் கொடுத்தாக வேண்டும். இதற்கு மாற்றுச் செயலி கிடையாது. அதைக் கொடுத்துவிட்டு வருபவரிடம் குடும்பம் மொத்தத்தின் ஆதாரையும் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கி, வருடக்கணக்காக அப்படியே வைத்திருக்கிறோம். அடையாள அட்டையை வரும்போது பார்த்துப் பதிவேட்டில் எழுதினால் போதாதா?

எடுத்த முடிவு

படங்களுக்கு, அதாவது கூட்டம், பயிற்சி, பறிப்புப் படங்களுக்கு, இலவசக் கூகுள் போட்டோஸே போதும். குழந்தைகள் முகம் தெரிவதை மட்டும் பொதுவில் போடுவதில்லை. விலையும் லாரி நேரமும் வாட்ஸ்அப் சேனலில். பேச வேண்டியவை கம்யூனிட்டியில். பணப் பேச்சு ஐந்து பேரின் சிக்னல் குழுவில். மெயில் குழுவின் பெயரில், வருடம் 1,300 ரூபாய் கட்டி. தலைக்கு இருபத்தைந்து ரூபாய் சொச்சம்தான் வருகிறது என்று சொன்னதும் பெரியவர்கள் பக்கம் பேச்சு அடங்கியது. ஆதார் படங்களைப் பழைய செயலாளர் போனிலிருந்தும், குப்பைத் தொட்டியிலிருந்தும், பேக்கப்பிலிருந்தும் அழிப்பது; உறுப்பினர்கள் தங்கள் கேலரியில் இருப்பதைத் தாங்களே அழிப்பது. இது முழுதாக நடக்காது என்று தெரியும். இனிமேல் சேராமல் இருந்தால் அதுவே பெரிது.

டெலிகிராம் கேட்ட தம்பிகள் இன்னும் சமாதானம் ஆகவில்லை. பேக்டரி எடைச் சீட்டுகளை மாதவாரியாகத் தேடி எடுக்க அதுதான் சுலபம் என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. உறுப்பினர் பெயர் இல்லாமல் மொத்த எடை மட்டும் உள்ள சீட்டுகளை அங்கே போட்டு ஒரு சீசன் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறோம்.

ஒரு வேலை பாக்கி. குழுவின் சிம் இருக்கும் வீட்டில் மழைக்காலத்தில் டவர் போய்விட்டால் ஓடிபி வராது, மெயில் திறக்காது. அதற்காகக் கூகுள் கணக்கிலேயே எட்டு இலக்கக் காப்பு எண்கள் பத்து எடுத்துக்கொள்ளலாம்; ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அதை அச்சடித்து ஒரு நகல் பொருளாளர் வீட்டுப் பீரோவிலும், ஒன்று தலைவரிடமும் இருக்கட்டும். படம் எடுத்துக் குரூப்பில் போட வேண்டாம்.